அவிழிக்கு ஒரு வரி

“முதல் டேக்கே ஓகே மேடம். சேஃப்டிக்கு இன்னொண்ணு மட்டும் எடுத்துக்கலாமா?” என்று ஹெட்போனுக்குள் நிவேதன் கேட்டான். சேஃப்டியாம். எந்த நேரத்தில் எந்த வார்த்தையை எடுக்கிறான் பார் என்று பூங்கோதைக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நிவேதனும் சவுண்ட் இன்ஜினியர் சேவியரும் ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், ஓர் ஆள் நின்றாலே நிறைந்துவிடுகிற டப்பிங் அறையில், அவளும் மைக்கும் திரையில் அவிழியும். வெளிநாட்டில் செய்த கேம். அவர்கள் வைத்த பேர் நம் வாயில் நுழையாது என்று தமிழுக்கு நிவேதன் வைத்த பேர்தான் அவிழி. படைத்ததையெல்லாம் முடிச்சு முடிச்சாக அவிழ்க்கிறவள். அவள் கையைத் தூக்கினால் மலை மணலாகும், மரம் விதைக்குள் திரும்பப் போகும், விதை எங்கே என்று தேடினால் விதையும் இருக்காது. பசங்களுக்கு அவளை அவ்வளவு பிடிக்கும், உலகத்தைக் காப்பாற்ற ஓடுகிற கதாநாயகனை ஒருத்தனும் சீண்டுவதில்லை. திரையில் அந்தச் சின்னத் துண்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. அவிழி கையைத் தூக்குகிறாள், உதடு மூடியிருக்கிறது, திறக்கிறது, மூடுகிறது. சத்தம் இல்லை. சத்தம் பூங்கோதை கொடுக்க வேண்டியது. “தொண்டை கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி இருக்கு சார், வெந்நீர் குடிச்சுக்கிறேன்,” என்றாள். “தாராளமா மேடம், அவசரமே இல்ல,” என்றான். ஃபிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் குடித்தாள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. இருபது வருஷமாகத் தொண்டையை விற்றுச் சாப்பிடுகிறவளுக்குத் தெரியாதா, கோளாறு தொண்டையில் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே.

சொல்லியாகிவிட்டது. அதுதான் தாங்கவில்லை. காலையிலிருந்து அவிழியின் சிரிப்பு, அவிழியின் பெருமூச்சு, அவிழி அடிபட்டு விழுகிற முனகல் என்று வரிசையாகப் பேசிக்கொண்டே வந்தவளுக்கு, திரையில் அந்தக் கை தூக்குவதைப் பார்த்ததும், மனசு வந்து தடுப்பதற்குள் வாய் பேசிவிட்டது. பழக்கம். விளக்கைப் போட்டால் ஈசல் வருகிற மாதிரி, உதட்டசைவைப் பார்த்தால் வார்த்தை வந்துவிடுகிறது இந்த வாய்க்கு. பிறக்காமலே போகட்டும். அவ்வளவுதான் வரி. பிறக்காமலே போகட்டும். யாரிடம் சொன்னாள், எப்போது சொன்னாள். அதே நேரத்தில் ஊரின் இன்னொரு கோடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தேன்மொழியை, அவள் கூடப் பிறந்த ஒரே தங்கையை, பச்சை அங்கி மாட்டிப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். உள்ளே வரும் முன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கை புருஷன் கதிரவனின் மெசேஜைப் பார்த்துவிட்டாள். ‘பிரஷர் ஏறிடுச்சு அண்ணி. அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க முடியாதாம், இன்னிக்கே ஆபரேஷன். தேனு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்கிறா.’ பார்த்தாள், போன் சத்தத்தை அமுக்கினாள், கைப்பைக்குள் போட்டாள், பையை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். டப்பிங் அறைக்குள் போன் கூடாது, அது விதி. நல்ல விதி, ஒளிந்துகொள்ள இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும். ஒரு வார்த்தை பேசணுமாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானேடி இத்தனை மாசம் உன் பக்கமே வராமல் இருந்தேன். கடைசியில் வந்த வார்த்தை இதுவா. இதுவா வரணும் வாயில்.

நாக்கில் மச்சம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இடது பக்கம், கடுகு தாளித்தபோது தெறித்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஒன்று. கரிநாக்கு. தெருவில் இந்தப் பேர் நிலைத்ததற்குக் காரணம் எதிர்வீட்டுத் தபால்கார மாமா. புது சைக்கிளில் வந்தவரைப் பார்த்து, “மாமா, சைக்கிள் நல்லா இருக்கு, ஆனா நீங்க விழுந்துடுவீங்க,” என்று அவள் சொன்னது ரெண்டாம் கிளாஸில். அவர் பாலத்தடியில் விழுந்து இடுப்பொடிந்து மூணு மாசம் படுத்தார். அவருக்குக் குடிப்பழக்கம் உண்டு, அந்தப் பாலத்தடியில் வாரத்துக்கு ஒருத்தர் விழுவார், அதெல்லாம் யார் பேசினார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்கள் அவள் வருகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார்கள். அம்மா மட்டும் திட்டமாட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டு, “நல்ல வார்த்தையாப் பேசுடி. இந்த நேரத்துல மேல தேவதைங்க போகும். நாம எதைச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும், அப்படியே ஆகட்டும்னு சொல்லிக்கிட்டே போகும். அதுங்களுக்கு நல்லது கெட்டது தெரியாது,” என்பாள். தெரியாதா. தெரியாத ஜன்மங்களை எதற்கு மேலே சுற்ற விட்டிருக்கிறது என்று அப்போதே தோன்றும், கேட்கமாட்டாள், கேட்டால் அதற்கும் அப்படியே ஆகட்டும் என்று ஏதாவது சொல்லித் தொலைக்கும். அப்பா தமிழ் வாத்தியார். பெரியவளுக்குப் பூங்கோதை, சின்னவளுக்குத் தேன்மொழி என்று பேர் வைத்தார். மொழியெல்லாம் தேனாகச் சின்னவளுக்குப் போய்விட்டது, இவளுக்கு மிஞ்சியது கரி. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேன்மொழிக்கு யார் முன்னாலும் வாய் திறக்காது, கூச்சம். கடையில் மிட்டாய் கேட்பதற்கும் அக்கா வேண்டும். “அக்கா, நீ சொல்லேன். நீ சொன்னா குடுத்துடுவாங்க.” பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நிற்கும் அது. இவள் கேட்பாள், கடைக்காரர் கொடுப்பார். கொடுக்காமல் இருந்தால் என்ன சாபம் விடுவாளோ என்று அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்.

திரையில் அவிழி மறுபடி கையைத் தூக்கினாள். கப்பைக் கீழே வைத்தாள் பூங்கோதை. இத்தனைக்கும் அவள் வாய்க்கு வந்த வில்லிகள் கொஞ்சமா. சூனியக்காரிகள், நட்சத்திரத்தை முழுங்குகிறவள், காலத்தைப் பின்னால் சுருட்டுகிறவள், தான் பெற்ற உலகத்தைத் தானே தின்கிறவள். கார்ட்டூனில், சீரியலில், கேமில், எங்கே அழிக்கிற பெண் வந்தாலும் பூங்கோதை மேடத்தைக் கூப்பிடு என்பார்கள். கத்த வேண்டாம், மிரட்ட வேண்டாம், அடிக்குரலில் சும்மா சொன்னால் போதும், முதுகு சில்லிடுகிறது என்பார்கள். எத்தனை உலகத்தை அழித்திருப்பாள். மறுநாள் காலையில் பால்காரர் வந்தார், மோட்டாரில் தண்ணீர் ஏறியது, ஒன்றும் ஆகவில்லை. கரிநாக்காவது ஒன்றாவது என்று தைரியம்கூட வந்துவிட்டது நடுவில். அந்தத் தைரியத்தில்தான் போன முறை, அவிழியின் முதல் பாகத்துக்கு, வாயைக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பில் எழுதி வந்தது ‘அனைத்தும் அழிந்தொழியட்டும்’ என்று. நிவேதன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அவ வாய் மூடியிருக்கு மேடம், நீங்க ‘அ’ன்னு ஆரம்பிச்சா வாய் மூடிக்கிட்டே பேசுற மாதிரி இருக்கும். நடுவுலயும் மூடுது. உதடு ஒட்டுற எழுத்துல ஏதாவது சொல்லுங்களேன்.” உதடு ஒட்டுகிற எழுத்து, ப, ம. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிறக்காமலே போகட்டும், என்றாள். பி-யில் ஒட்டியது, ம-வில் ஒட்டியது, போ-வில் ஒட்டியது, கடைசி ம்-மில் அவிழியும் வாயை மூடினாள். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்தது. நிவேதன் எழுந்து நின்று கை தட்டினான், சேவியர் கட்டை விரலைக் காட்டினான். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை, ஆட்டோவில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம்தான் கதிரவன் போன் பண்ணினான். கலைந்துவிட்டது என்றான். அப்போது தேன்மொழிக்கு ரெண்டாம் மாசம்.

டாக்டர் காரணம் சொன்னார், நூற்றில் இத்தனை பேருக்கு இப்படி ஆவது சகஜம் என்று சொன்னார். அதெல்லாம் காதில் விழுந்தது. வார்த்தையினால் பிள்ளை கலையுமா, ஒரு டப்பிங் அறையில் யாரோ ஒரு பொம்மைக்காகப் பேசினது இத்தனை தூரம் போய் ஒரு வயிற்றைத் தொடுமா, படித்தவள்தானே நீ. ஆமாம், படித்தவள்தான். அதுவல்ல அவளைக் குடைந்தது. தமிழில் ப-வுக்கா பஞ்சம்? பாழாய்ப் போகட்டும் என்றிருக்கலாம். புழுதியாகட்டும், பொடியாகட்டும், மண்ணாய்ப் போகட்டும். உதடு ஒட்ட எத்தனை வழி. அத்தனையும் இருக்க, மலையையும் மரத்தையும் பார்த்துப் பேச வேண்டிய இடத்தில், பிறப்பு எங்கிருந்து வந்தது? மலைக்கு ஏது பிறப்பு? இதைக் கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் நினைப்பு ஒரு இடத்தில் போய் இடித்து நிற்கும், திரும்பி வேறு பக்கம் ஓடும், ஊரைச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து இடிக்கும். முதல் பாகம் பேசின அந்த வாரம்தான் தேன்மொழி வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள், “அக்கா, நாள் தள்ளிப் போயிருக்குக்கா.” பூங்கோதை கட்டிப்பிடித்தாள், உச்சி முகர்ந்தாள், கேசரி கிளறினாள். எல்லாம் செய்தாள். ஆனால் அந்தக் கதவைச் சாத்தின சத்தத்துக்கும் கட்டிப்பிடித்ததற்கும் நடுவே ஒரு கணம் இருந்தது. பிள்ளைக்காக ஊசி, மாத்திரை, விரதம், அரசமரம் என்று எதுவும் பாக்கியில்லாமல் பார்த்துவிட்டு, போதும் பூங்கோதை, விட்டுவிடலாம் என்று புருஷனே சொல்லி ஓய்ந்த வயிறு, அந்த ஒரு கணம் ஒரு புரட்டுப் புரண்டது. இவளுக்கா, கேட்காமலே இவளுக்கா. அவ்வளவுதான், உடனே போய்விட்டது, கேசரிக்கு முந்திரி வறுக்கப் போய்விட்டாள். போய்விட்டதா, இல்லை நாக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, உதடு ஒட்டுகிற எழுத்து ஒன்று கேட்கட்டும் என்று காத்திருந்ததா? பொறாமைப்பட்டவள். சொந்தத் தங்கை மேல். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதே, அது மேல். சீ, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள், சத்தமாகவே சொல்லிவிட்டாள் போல. “என்ன மேடம்?” என்று ஹெட்போனில் கேட்டது. “ஒண்ணுமில்ல சார்.”

ரெண்டாம் தடவை தங்கியது என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு பண்ணிவிட்டாள். பேசினால்தானே வம்பு. போனில் தேன்மொழி வாந்தியைச் சொல்வாள், புளிப்பு தேடுகிறதைச் சொல்வாள், இவள் “ம்” என்பாள். “நல்லபடியா ஆயிடும்லக்கா?” என்பாள், இவள், “அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிடுவாள். நல்லபடியாக என்று ஆரம்பித்து, பாதியில் வயிறு மறுபடி புரண்டு, வாய் வேறெதையாவது சொல்லிவிட்டால்? வளைகாப்புக்குப் போகவில்லை. வளையலும் புடவையும் வாங்கிப் புருஷனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, ரெக்கார்டிங் என்று பொய் சொல்லி, நாளெல்லாம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்த் திரும்பியவர், “உன்னைத்தான் எல்லாரும் கேட்டாங்க. நலங்கு வைக்கும்போதெல்லாம் தேனு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா. உங்க சித்தி என்ன சொன்னாங்க தெரியுமா, பெத்துக்காதவளுக்கு வயித்தெரிச்சல் இருக்கத்தானே செய்யும்னாங்க,” என்றார். சொல்லட்டும். அதுகூட நல்லதுக்குத்தான். வயிற்றெரிச்சல்காரி வராமல் இருந்தால் பிள்ளை தங்கும். இப்படி நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதைகூட வந்தது, என்னமோ தவம் பண்ணுகிறவள் மாதிரி. இந்த ரெண்டாம் பாகத்துக்கு வரச்சொல்லி நிவேதன் கூப்பிட்டபோது, மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால் என்ன சொல்வாள், என் நாக்கில் மச்சம் இருக்கு சார் என்றா? அதற்குள் பிரசவம் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் நாள் பார்த்துத் தேதி கொடுத்தாள். ரெக்கார்டிங்கை அவன் முன்னால் இழுத்தான், பிரசவத்தைப் பிரஷர் முன்னால் இழுத்தது, ரெண்டும் வந்து இந்த அறையில் முட்டிக்கொண்டது.

“சார், அந்த வரியை மாத்திக்கலாமா? ‘பாழாய்ப் போகட்டும்’னு வெச்சா உதடு ஒட்டும்,” என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் நிவேதன் சேவியரைப் பார்த்தான். “அது குழாயடிச் சண்டைல திட்டுற மாதிரி இருக்கு மேடம். ‘பிறக்காமலே போகட்டும்’தான் இவளோட அடையாளம். ஸ்கூல் பசங்க டீச்சருக்குப் பின்னாடி நின்னு இதைத்தான் சொல்றாங்களாம். ஜனங்க அதைக் கேட்கத்தான் ரெண்டாம் பாகமே வாங்குறாங்க.” “அப்ப அந்த முதல் டேக்கை அழிச்சிடுங்க,” என்றாள். “அழிக்கிறதா? அது பிரமாதம் மேடம். நான் எப்பவும் சொல்வேனே, அழிக்கிறவளுக்குக் கோபம் இருக்கக் கூடாது, ஒரு களைப்பு இருக்கணும்னு. அது அப்படியே வந்திருக்கு. இன்னொண்ணு சும்மா, கைவசம் இருக்கட்டும்னுதான்.” களைப்பாம். இருக்காதா பின்னே. எத்தனை மாசம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது. அவன் கையைக் காட்டினான், சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் அவிழியின் கை மெதுவாக மேலே எழும்பியது. பூங்கோதை மூச்சை இழுத்தாள். உதடு ஒட்டியது. ஒட்டினது ஒட்டினதுதான், திறக்கவில்லை. திரையில் அவள் வாய் திறந்து மூடித் திறந்து மூடி ஓய்ந்தது, ஒரு உலகமும் சத்தமில்லாமல் அவிழ்ந்து கொட்டி முடிந்தது. பூங்கோதை ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “மேடம், ஏதாவது பிரச்சனையா? அஞ்சு நிமிஷம் பிரேக் விடலாமா?” என்று நிவேதன் பின்னாலிருந்து கேட்டான். அவனைத் தாண்டி நேராக வெளியே போனாள்.

பெஞ்சில் பை வைத்த இடத்தில் இருந்தது. போனில் கதிரவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தான். உடனே அவனுக்கு அடித்தாள். எடுத்ததும், “அண்ணி, பொண்ணு பொறந்திருக்கா,” என்றான். அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறந்துவிட்டாள். சொன்னது பலிக்கவில்லை. அந்த வரி காற்றோடு போயிருக்கிறது, எல்லாம் சும்மா, மச்சம் வெறும் மச்சம். அதற்குள் அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. “எடை ரொம்பக் கம்மி அண்ணி. அழவே ரொம்ப நேரம் ஆச்சு. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க, நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்கிறாங்க.” “தேனு?” “கண் முழிச்சிட்டா. இருங்க, அவளே கேட்கிறா.” போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு. மயக்க மருந்து தெளியாத நாக்கோடு, தடித்த குரலில், “அக்கா,” என்றாள் தேன்மொழி. “ம்,” என்றாள் பூங்கோதை.

“உள்ள தள்ளிக்கிட்டுப் போற வரைக்கும் போனைக் கைலயே வெச்சிருந்தேன்க்கா. நர்ஸ் புடுங்கிக்கிட்டாங்க,” என்றாள் அவள். “நீ எடுப்பேன்னு நினைச்சேன்.” இனிமேல் மறைத்து என்ன. “தேனு, நான் ஒண்ணு சொல்லணும்டி. போன தடவ, நீ நாள் தள்ளிப் போயிருக்குன்னு வந்து சொன்னப்ப, எனக்கு...” “தெரியும்க்கா.” “என்ன தெரியும்?” “உன் மூஞ்சியத்தான் நான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. ஒரு நொடி உன் மூஞ்சி மாறிச்சு. எனக்கு அது தப்பாவே தெரியல. நான் உன் இடத்துல இருந்தா அழுதிருப்பேன்.” பெரிய மூச்சு ஒன்று வாங்கிக்கொண்டாள். “அந்த கேமும் கேட்டேன். என்ன சொல்லியிருக்கேன்னும் கேட்டேன். அதுக்கப்புறம் நீ ஏன் என்கிட்டப் பேசலன்னும் புரிஞ்சுது. ஆனா ஒண்ணுதான்க்கா புரியல. உன் வாய்ல வந்தா பலிக்கும்னு நீயே நம்புற. நானும் நம்புறேன், சின்ன வயசுலேர்ந்து நம்புறேன். நீ சொன்னா மிட்டாய் கிடைக்கும், நீ சொன்னா அப்பா சினிமாவுக்கு விடுவார். பலிக்கிற நாக்குன்னா நல்லது சொன்னாலும் பலிக்கும்தானே. அதுக்குத்தானே தினம் தினம் போன் பண்ணினேன். நல்லபடியா ஆயிடும்லக்கான்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன். ஒரு தடவ, ஆமாடின்னு சொல்லியிருந்தா, நான் தைரியமா உள்ள போயிருப்பேனே. அந்தப் பொம்மைக்கெல்லாம் பேசுற. எம்பொண்ணுக்கு ஒரு வார்த்தை இல்லையாக்கா உன்கிட்ட?”

இத்தனை வயசுக்கு ஒரு தடவைகூடப் பூங்கோதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. தெரு சொன்னது, பள்ளிக்கூடம் சொன்னது, அவளும் சேர்ந்து சொல்லிக்கொண்டாள். கெட்டது பலிக்கும், வாயை மூடு. மூடினாள். அந்தக் கூச்சம் பிடித்தது வளைகாப்பில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று இவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தவம் என்று பேர் வைத்துக்கொண்டு தன்னையே மெச்சிக்கொண்டாள். இத்தனை மாசம் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, கையில் இருப்பதைக் கொடுக்காமல், இல்லை இல்லை என்று நின்றிருக்கிறாள். பொறாமையைக்கூட மன்னித்துவிட்டது அந்தப் பெண். இதை எப்படி மன்னிக்கும்? நாளைக்கு அந்தப் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று ஆனால், சொன்னதால் ஆனதா, சொல்லாததால் ஆனதா என்று ஆயுசுக்கும் குடையப்போகிறது. இப்போது சொல்லலாம். சொல்லி, பலிக்காமல் போனால்? “அக்கா, இருக்கியா?” என்றாள் தேன்மொழி. காரிடார் முனையில் நிவேதன் வந்து நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கோதை சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வாயைத் திறந்தாள். அடிக்குரலும் வரவில்லை, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் குரல் எதுவுமே வரவில்லை, உடைந்துபோன ஒரு சாதாரணக் குரல்தான் வந்தது.

“இருப்பாடி,” என்றாள். “நல்லா இருப்பா. உன் பொண்ணு நல்லா இருப்பா.”

அந்தப் பக்கம் தேன்மொழி அழுகிறது கேட்டது. தையல் வலிக்கும் அழாதம்மா என்று யாரோ நர்ஸ் அதட்டுகிறதும் கேட்டது. “இவ்வளவுதானேக்கா,” என்றாள் அவள் அழுகைக்கு நடுவே. “இவ்வளவுதானே கேட்டேன்.”